குழந்தையைக் கடைசியாகக் கேளுங்கள்: நிதி ஆதரவுத் திட்டத்தை ஒரு பல்கலைக்கழகக் குழு மதிப்பிடுவது எப்படி

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து உங்கள் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் வரும். நிதி ஆதரவுத் திட்டத்தின் தாக்கத்தை ஆய்வு செய்து அறிக்கை தரவும் என்று ஒரே வரிதான் இருக்கும். மறுநாளே துறையில் யாராவது லேப்டாப்பைத் திறந்து கேள்வித்தாள் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பெயர், வயது, பாலினம், சாதி, வீடு ஓடா கூரையா, அப்பா எப்போது இறந்தார், எப்படி இறந்தார் என்று நாற்பது கேள்வி, அறுபது கேள்வி போகும். நானும் முதல் தடவை அப்படித்தான் ஆரம்பித்தேன். சமூகப்பணித் துறையில் பாடம் எடுத்துக்கொண்டே இந்த மாதிரி ஆய்வுகளில் சில வருடங்கள் அலைந்தபின் சொல்கிறேன்: கேள்வித்தாள் இந்த வேலையில் ரொம்பப் பின்னால் வருவது, குழந்தையிடம் பேசுவது அதற்கும் பின்னால். வேறு யாரிடமும், எந்தக் காகிதத்திலும் கிடைக்காததை மட்டும்தான் குழந்தையிடம் கேட்க வேண்டும்.

திட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ், வீட்டிலேயே வைத்து வளர்க்க முடியாமல் விடுதிக்கோ இல்லத்துக்கோ போய்விடக்கூடிய நிலையில் உள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்கிறார்கள். முன்பு 2,000 ஆக இருந்தது, 2022இல் உயர்ந்தது. கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாயின் குழந்தைகள், பெற்றோர் இல்லாமல் உறவினர் வீட்டில் வளர்பவர்கள், பெற்றோர் தீராத நோயில் படுத்துவிட்டவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000க்குள், மற்ற இடங்களில் 96,000க்குள் இருக்க வேண்டும். இல்லத்தில் இருக்கும் குழந்தையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும்போது கொடுப்பதும் உண்டு, போகாமல் தடுக்கக் கொடுப்பதும் உண்டு. இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்பாதீர்கள், ஏனென்றால் இரண்டுக்கும் வெற்றி என்பதன் அர்த்தமே வேறு.

முதல் கூட்டத்தில் என்ன கேட்பது

அலகுக்குப் போய் உட்கார்ந்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான். எங்கள் அறிக்கை வந்ததும் நீங்கள் எதை மாற்றப் போகிறீர்கள், அல்லது எதை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்? முதலில் பதில் வராது. "திட்டம் நல்லா போகுதான்னு பாருங்க சார்" என்பார்கள். விடாமல் டீ வரும்வரை பேசுங்கள். கொஞ்ச நேரத்தில் உண்மையான கவலைகள் ஒவ்வொன்றாக வரும்: பணம் வாங்கியும் சில பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிடுகிறார்கள், அது ஏன் என்று புரியவில்லை. எந்த வீட்டுக்குக் களப்பணியாளர் அடிக்கடி போக வேண்டும், எந்த வீட்டை விட்டுவிடலாம் என்று தெரியவில்லை. விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வீடுகளில் யாருக்கு முன்னுரிமை கொடுப்பது என்று தகராறு. இவைதான் ஆய்வுக் கேள்விகள். "திட்டத்தின் தாக்கம்" என்பது கேள்வியே இல்லை, அது அறிக்கையின் அட்டையில் போடுகிற தலைப்பு.

இதை ஒரே பக்கத்தில் எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே இன்னொரு வரியும் சேருங்கள்: முடிவு எப்படி வந்தாலும் அப்படியே எழுதுவோம். பின்னால் இந்த வரி எவ்வளவு உதவும் என்பது முதல் வரைவைக் கொடுத்த அன்றைக்குத் தெரியும்.

அனுமதிகள் (சலிப்புதான், ஆனால் தாண்ட முடியாது)

துறை இயக்குநரகத்தின் அனுமதிக் கடிதம், உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், இரண்டும் வேண்டும். நெறிமுறைக் குழு என்பது சும்மா ரப்பர் ஸ்டாம்ப் என்று நினைப்பவர்கள் நம் துறைகளிலேயே இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளை எடுத்துப் படியுங்கள். பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும், அதோடு 7 முதல் 12 வயதுவரை குழந்தையின் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்து இசைவும் வேண்டும். அம்மா சரி என்று சொல்லிப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டால் அது சம்மதம் இல்லை, எழுந்து வந்துவிட வேண்டும்.

இங்கே எல்லோரும் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. படிவத்தில் "நீங்கள் சொல்லும் அனைத்தும் இரகசியமாக வைக்கப்படும்" என்று எழுதிவிடுவோம். அது பொய். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கும் என்று அஞ்சக் காரணம் இருந்தாலோ, யாராக இருந்தாலும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறை உண்டு. ஆராய்ச்சியாளருக்கு இதில் விலக்கு இல்லை. அதனால் படிவத்திலும், வாயாலும், பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டோம், ஆனா உனக்கோ வேற பிள்ளைக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் உதவி செய்றவங்ககிட்ட சொல்லியே ஆகணும்." இதைக் கேட்டுவிட்டு ஒரு பிள்ளை எதையாவது சொல்லாமல் விட்டால் விடட்டும், அது அந்தப் பிள்ளையின் உரிமை. யார் யாரிடம் போன் செய்வது, அலகில் யார், குழந்தைகள் விஷயத்தில் உத்தரவு போடும் குழந்தைகள் நலக் குழுவில் யார், குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ எப்போது அழைப்பது, அதைக் கேட்டுவிட்டு வந்த மாணவியோடு அன்று இரவு யார் பேசி ஆற்றுவது என்பதையெல்லாம் களத்துக்குப் போகும் முன்பே எழுதி, ஒவ்வொருவர் பையிலும் ஒரு தாளாக வைத்திருங்கள்.

சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவையும் மறக்க வேண்டாம். குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டிவிடக்கூடிய எந்தத் தகவலும் வெளியே போகக் கூடாது. கள வேலையின் கடைசி நாளில் குழந்தைகளோடு எடுத்த குரூப் போட்டோவை ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் உள்ள மாணவர்களிடம் இதைத் தனியாக, கொஞ்சம் கடுமையாகவே சொல்லுங்கள்.

கோப்பு அலமாரியில் பாதி ஆய்வு முடிந்துவிடும்

உண்மையிலேயே சொல்கிறேன், பாதி. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கோப்பு இருக்கும். சமூக விசாரணை அறிக்கை, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு, தனிநபர் பராமரிப்புத் திட்டம், வருமானச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அதில் கிடக்கும். அப்பா எப்போது இறந்தார் என்பது அதில் இருக்கிறது. பிறகு எதற்கு அதை மறுபடி அந்தப் பிள்ளையின் வாயால் சொல்ல வைக்க வேண்டும்? விசாரணைக்கு வந்தவரிடம் ஒரு தடவை, குழுவின் முன் ஒரு தடவை, பள்ளியில் ஒரு தடவை என்று ஏற்கெனவே சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன பிள்ளை அது.

கோப்பை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள், போனில் படமும் எடுக்காதீர்கள். ஒரு தாளில் உங்களுக்கு வேண்டிய இருபது விவரத்துக்குக் கட்டம் போட்டு, அங்கேயே உட்கார்ந்து நிரப்புங்கள். தாளில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும். எந்த எண் எந்தக் குழந்தை என்பது ஒரே ஒரு நோட்டில், அந்த நோட்டு ஒரே ஒரு பூட்டிய பீரோவில். கூகுள் ஷீட்டில் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம்.

கோப்புகளைப் பார்க்கும்போது தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். விண்ணப்பம் வந்த தேதி, வீட்டு விசாரணை நடந்த தேதி, குழு உத்தரவு, ஒப்புதல், முதல் பணம் கணக்கில் விழுந்த தேதி. இந்த ஐந்து தேதிகளுக்கு நடுவே எங்கே நாள் கரைகிறது என்று ஒரு படம் வரைந்து காட்டினால், அலகில் உள்ளவர்கள் வேறு எந்த அட்டவணையையும்விட அதைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள்.

யாரோடு ஒப்பிடுவது

பணம் வாங்கும் குழந்தைகளை மட்டும் பார்த்து "நூற்றுக்கு இத்தனை பேர் பள்ளிக்குப் போகிறார்கள்" என்று எழுதினால் அது மதிப்பீடு ஆகாது. பணம் இல்லாவிட்டாலும் போயிருப்பார்களோ என்னவோ. ஒப்பிட ஒரு கூட்டம் வேண்டும்.

பெரிய அளவில் சீட்டுக் குலுக்குவதுபோலத் தேர்வு செய்து ஒப்பிடும் ஆய்வுகள் நம் மாநிலத்திலேயே நடந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் வந்த மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்று ஒரு கூடுதல் அரைநாள் பணியாளரைக் கொடுத்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது, பிள்ளைகளின் மொழியும் கணக்கும் முன்னேறின, ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. அது புதிதாக ஒன்றைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு, குலுக்கலாம். ஆனால் தகப்பன் இல்லாத குழந்தைக்குச் சேர வேண்டிய பணத்தை உங்கள் ஆய்வுக்காகக் குலுக்கிப் போட முடியாது, கேட்கவும் கூடாது.

நமக்குக் கிடைக்கும் நல்ல வழி, காத்திருப்போர் பட்டியல். ஒரே மாதிரித் தகுதி உள்ளவர்கள், இவர்களுக்கு முதலில் வந்தது, அவர்களுக்கு இன்னும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: நிதி ஒதுக்கீடு தீர்ந்துபோனதால் என்றால் ஒப்பிடலாம், ஆளும் காகிதமும் சரியில்லாததால் என்றால் அது வேறு மாதிரிக் குடும்பம். இன்னொரு வழி, அதே குழந்தையின் பணத்துக்கு முந்தைய வருட வருகையோடு ஒப்பிடுவது. புள்ளியியல் துறை நண்பர் யாராவது வந்து, 72,000 வரம்புக்குச் சற்று மேலே உள்ளவர்களையும் கீழே உள்ளவர்களையும் ஒப்பிடலாமே என்று ஆசை காட்டுவார். நல்ல யோசனைதான். ஆனால் நம் ஊரில் எத்தனை வருமானச் சான்றுகளில் சரியாக 72,000 என்று இருக்கிறது என்பதை அவருக்கு ஒரு தடவை காட்டுங்கள்.

மாவட்டத்தில் சில நூறு குழந்தைகள்தான் என்றால் மாதிரி எடுக்கும் சூத்திரமெல்லாம் வேண்டாம், எல்லோரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பெரியவர்கள், பாஸ்புக்கோடு

ஒரு வீட்டில் எங்கள் மாணவி பேத்தியை வளர்க்கும் பாட்டியிடம் கேட்டாள்: "மாசம் நாலாயிரம் போதுமா பாட்டி?" பாட்டி "போதும்மா, மகராசனா இருக்கட்டும்" என்றார். படிவத்தில் ஒரு டிக். அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். பாஸ்புக்கைக் காட்ட முடியுமா என்று கேட்டதும், மஞ்சள் பையிலிருந்து ரேஷன் கார்டோடு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். ஐந்து மாதத்துக்கு வரவே இல்லை. அப்புறம் ஒரே நாளில் இருபதாயிரம். மறுநாள் பதினேழாயிரம் எடுத்திருந்தார். என்ன பாட்டி இது என்றதற்கு, கம்மலை அடகு வைத்துத்தான் பள்ளிச் செருப்பும் அரிசியும் வாங்கியதாகவும், பணம் வந்ததும் மீட்டதாகவும், வட்டி தனி என்றும் சாதாரணமாகச் சொன்னார். அவர் சொன்ன "போதும்" பொய் இல்லை. கேட்ட கேள்விதான் தப்பு. மாதம் நாலாயிரம் என்பது அரசாணையில் இருந்தது, அந்த வீட்டில் இருந்தது ஐந்து மாதக் கடனும் ஒரு நாள் பணமும். அன்றிலிருந்து எங்கள் படிவத்தில் போதுமா என்ற கேள்வி இல்லை, கடைசிப் பன்னிரண்டு மாத வரவுகளைத் தேதியோடு எழுதும் கட்டம்தான் இருக்கிறது. இதே மாதிரி, "பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறானா" என்று தாயிடம் கேட்பதைவிட, அனுமதி வாங்கிப் பள்ளியின் வருகைப் பதிவைப் பார்ப்பது நல்லது. வகுப்பாசிரியரிடமும் பேசுங்கள், ஆனால் எந்தக் குழந்தையைப் பற்றி என்பது தெரியாதபடி வகுப்பு முழுவதற்குமான பதிவைக் கேட்டு, உங்களுக்கு வேண்டியதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கான பயிற்சியை ஒரு நாளில் முடிக்காதீர்கள். குறைந்தது நான்கு நாள், அதில் ஒரு நாள் முழுக்க நடித்துப் பார்ப்பது. இருவர் இருவராக அனுப்புங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி ஒரு நாளைக்கு இரண்டு வீடு, மிஞ்சிப்போனால் மூன்று, அதற்கு மேல் போனால் கடைசி வீட்டில் எழுதியது எல்லாம் கற்பனைதான். அரசு ஜீப்பில் போகக் கூடாது. ஊருக்குள் இறங்கி டீக்கடையில் "அப்பா தவறிப்போச்சே, உதவித்தொகை வாங்குதே, அந்தப் பொண்ணு வீடு எது" என்று கேட்ட ஒரு மாணவனை நான் பார்த்திருக்கிறேன். கெட்ட பையன் இல்லை, நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். முகவரியைக் களப்பணியாளரிடம் முன்பே வாங்கி, போன் செய்து நேரம் கேட்டுப் போனால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அக்கம்பக்கத்தில் யார் என்று கேட்டால் "காலேஜ்ல இருந்து வர்றோம், வீட்டுச் செலவு பத்தி சர்வே" என்று நிறுத்திக்கொள்ளலாம், அதிலும் பொய் ஒன்றும் இல்லை.

கடைசியாகக் குழந்தை

இப்போதுதான் குழந்தையிடம் வருகிறோம். கோப்பு, பாஸ்புக், பள்ளிப் பதிவு, வீட்டுப் பெரியவர் எல்லாவற்றையும் பார்த்தபின் கேட்க மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், அதனால் இருபது நிமிடம் போதும். எல்லோர் கண்ணிலும் படும், ஆனால் யார் காதிலும் விழாத இடத்தில் உட்காருங்கள். திண்ணையின் ஓரம், வேப்பமரத்தடி. கதவு சாத்திய அறை ஒருநாளும் கூடாது. பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தால், ஜோடியில் இன்னொருவர் அவரிடம் பாஸ்புக் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேட்கட்டும், அதற்குத்தான் இருவராகப் போவது.

மனநிலை அளக்க எஸ்டிக்யூ என்ற 25 வாக்கியப் படிவத்தைப் பலரும் பயன்படுத்துகிறார்கள், தமிழிலும் இருக்கிறது, 11 வயதுக்கு மேல் பிள்ளையே நிரப்பலாம். பயன்படுத்துங்கள், ஆனால் முதலில் வேறு ஊரில் பத்துப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டி, "இதுக்கு என்ன அர்த்தம்னு உன் வார்த்தையில சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்புத் தமிழ் அந்த ஊர்ப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.

எனக்கு அதைவிடப் பிடித்த கேள்வி ஒன்று இருக்கிறது. "நேத்து காலையில எழுந்ததில இருந்து தூங்குற வரைக்கும் என்னென்ன செஞ்சேன்னு சொல்லு." அவ்வளவுதான். அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருங்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், பள்ளிப் பதிவேட்டில் ஒரு நாள் விடாமல் வருகை, சொன்னான்: விடியும் முன் எழுந்து அம்மா கட்டிய பூச்சரத்தைச் சைக்கிளில் எடுத்துக்கொண்டு நாலு கடைக்குப் போடுவது, திரும்பி வந்து தம்பியைக் குளிப்பாட்டுவது, பள்ளிக்குப் போகும்போது முதல் பீரியட் முடிந்திருக்கும், "சார் ஒண்ணும் சொல்ல மாட்டார், அவருக்குத் தெரியும்." அன்பான ஆசிரியர்தான். ஆனால் ஆறு மாதமாக முதல் பீரியடில் நடந்த கணக்குப் பாடம் எதுவும் அவனுக்குத் தெரியாது. இதை எந்தக் கோப்பும் எங்களுக்குச் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறாயா என்று நேராகக் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பான், அவனைப் பொறுத்தவரை அது வேலையே இல்லை, வீட்டு விஷயம்.

பேசி முடித்ததும் அழ வைத்துவிட்டு எழுந்து வராதீர்கள். கடைசி ஐந்து நிமிடம் கிரிக்கெட்டோ ஆட்டுக்குட்டியோ, அவர்களுக்குப் பிடித்த பேச்சு. காசு கொடுக்க வேண்டாம். ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வீட்டில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி ஒரு நோட்டு, பேனா.

எண்கள், அறிக்கை

கணக்குப் போடுவது இங்கே பெரிய விஷயம் இல்லை, சதவீதமும் எளிய ஒப்பீடும் பெரும்பாலும் போதும். தேடிப் போயும் வீட்டில் இல்லாத குழந்தைகளை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்டவர்கள், திருப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள், கல்யாணம் முடித்து அனுப்பப்பட்ட பெண் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் திட்டம் அமோகமாக வெற்றி பெற்றிருக்கும். எத்தனை பேரைக் காணவில்லை, ஏன் என்று தெரிந்த அளவுக்கு முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அட்டவணையில் ஒரு கட்டத்தில் ஐந்துக்கும் குறைவான குழந்தைகள் வந்தால் அந்த எண்ணைப் போடாதீர்கள், பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். ஒரு ஒன்றியத்தில் எச்ஐவி பாதித்த பெற்றோரின் குழந்தை ஒன்றே ஒன்று என்று அச்சடித்தால் பெயர் போடத் தேவையே இல்லை, ஊருக்குத் தெரிந்துவிடும்.

அறிக்கை நூற்றைம்பது பக்கம் இருக்கட்டும், பல்கலைக்கழகத்துக்கு அது வேண்டும். ஆனால் அதற்கு முன்பே, அடுத்த நிதியாண்டுக்கான திட்ட முன்மொழிவு மாவட்டத்திலிருந்து போவதற்குள், தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை அலகின் மேசையில் வைத்துவிடுங்கள். ஆய்விதழில் கட்டுரை வருவதற்குள் இப்போதைய பிள்ளைகளுக்கு 18 வயதாகிவிடும், திட்டத்திலிருந்தே வெளியே போய்விடுவார்கள். அந்தக் குறிப்பில் பரிந்துரை பத்து வேண்டாம், மூன்று போதும், ஒவ்வொன்றையும் எந்த மேசையில் யார் செய்ய வேண்டும் என்பதோடு. எங்கள் முதல் பரிந்துரை, களப்பணியாளரின் வீட்டுப் பார்வைப் படிவத்தில் "குழந்தை நலமாக உள்ளதா" என்ற வரியை எடுத்துவிட்டு, கடைசி வரவுத் தேதிக்கு ஒரு கட்டமும் நேற்றைய நாளைப் பற்றி நாலு வரி எழுத இடமும் விடச் சொன்னதுதான். செலவே இல்லை, அடுத்த தடவை படிவம் அச்சடிக்கும்போது மாற்றினால் போதும்.

குடும்பங்களுக்கும் போய்ச் சொல்லுங்கள். ஒன்றிய அளவில் ஒரு கூட்டம், எல்லோருக்கும் புரியும் தமிழில் கால் மணி நேரம், கேள்வி கேட்க முக்கால் மணி நேரம். திட்டி எழுதியதையும் சொல்ல வேண்டும், அவர்கள் அதற்குள் என்னென்ன சேர்த்துச் சொல்வார்கள் என்று பாருங்கள்.

கடைசி வேலை, அந்தப் பூட்டிய பீரோவில் இருக்கும் எண்-பெயர் நோட்டு. நெறிமுறைக் குழுவிடம் எந்தத் தேதியில் அழிப்போம் என்று எழுதிக் கொடுத்தீர்களோ அந்தத் தேதியில் இரண்டு பேர் முன்னிலையில் கிழித்து, எரித்து, கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வையுங்கள். துறையில் யாராவது அடுத்த ஆய்வுக்கு உதவுமே என்பார்கள். கொடுக்காதீர்கள்.